மறு: ஸ்டெர்ன்வீலருக்குத் தமிழ்: பின்சக்கரமா, அமரச்சக்கரமா?

அனைவருக்கும் வணக்கம்.

மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளைப் பற்றிய கட்டுரைக்கு ‘ஸ்டெர்ன்வீலர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். பின்பக்கத்தில் பலகைகள் பொருத்திய பெரிய சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ள, அதனால் ஓடும் படகு அது. ‘பின்சக்கரக் கப்பல்’ என்ற சொல்லுக்கு இதுவரை ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்சக்கரம் என்றதும் மனதில் வருவது சைக்கிளும் பஸ்ஸும்தான். தரையில் உருளும் சக்கரம் வேறு, தண்ணீரைத் தள்ளும் சக்கரம் வேறு.

எங்கள் வீடு கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைப் பக்கம். பூவாறில் நெய்யாறு கடலோடு சேரும் இடத்தில் படகேறினால், தமிழ் பேசுகிறவரானாலும் மலையாளம் பேசுகிறவரானாலும் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார், பின்பக்கத்தை அமரம் என்பார். கேரளத்துப் படகுப் பந்தயங்களில் ஓடும் நீண்ட சுண்டன் வள்ளத்தில் உயர்ந்து நிற்கும் பின்பகுதியும் அமரம்தான். அங்கே நின்று நயம்பால், அதாவது துடுப்பால், திசை திருப்புகிறவர் அமரக்காரர். ஒரு கட்சியையோ நிறுவனத்தையோ நடத்திச் செல்கிறவரை மலையாளப் பத்திரிகைகள் இன்றைக்கும் அமரக்காரன் என்றே எழுதுகின்றன. அவ்வளவு உயிரோடு இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ‘பின்’ என்று ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை: ஸ்டெர்ன்வீலர் என்பது அமரச்சக்கரப் படகு. இரு பக்கமும் சக்கரம் உள்ள சைடுவீலர் விலாச்சக்கரப் படகு.

அமரம் என்றால் அமரர், இறந்தவர் என்று குழப்பம் வரும் என்று சித்தூர் நண்பர் எழுதியிருந்தார். ‘சக்கரம்’ பக்கத்தில் வந்துவிட்டால் அந்தக் குழப்பம் நிற்காது. கடலோரத்தில் பிறந்த யாருக்கும் அது வரவே வராது.

சரி, படகா கப்பலா? மிசிசிப்பிக்காரர்கள் தங்கள் கலங்களைப் படகு என்றுதான் அழைத்தார்கள். 300 அடியை நெருங்கும் ‘ராபர்ட் ஈ. லீ’யும் அவர்களுக்குப் படகுதான். 100 அடிக்கு மேல் நீளும் சுண்டனை நாம் வள்ளம் என்பதில்லையா? அளவு பெரிதாகிவிட்டது என்பதற்காகக் கப்பலாக்க வேண்டாம்.

இரண்டு சொற்களும் தனித்தனியாக இருக்க வேண்டியதற்குக் காரணம் ஆற்றிலேயே இருக்கிறது. விலாச்சக்கரங்களைத் தனித்தனியே இயக்க முடிந்தால், ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுழற்றிப் படகைக் குறுகிய இடத்தில் திருப்பிவிடலாம். வேகமும் உண்டு. 1870இல் நியூ ஆர்லியன்சிலிருந்து செயின்ட் லூயிசுக்குப் பந்தயம் விட்ட ‘ராபர்ட் ஈ. லீ’, ‘நாட்செஸ்’ இரண்டும் விலாச்சக்கரப் படகுகளே. லீ 3 நாள் 18 மணி 14 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து வென்றது. ஆனால் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சக்கரத்தில் மிதந்து வரும் மரம் மோதினால் உடைந்துவிடும். மிசிசிப்பி கரையை அரித்து முழு மரங்களையே இழுத்துவரும் ஆறு. அடியில் குத்தி நிற்கும் மரங்கள் எத்தனையோ படகுகளின் வயிற்றைக் கிழித்தன. அவற்றைப் பிடுங்கி எடுப்பதற்கென்றே ஹென்றி ஷ்ரீவ் 1829இல் ‘ஹீலியோபோலிஸ்’ என்ற படகைக் கொண்டுவந்தார். சக்கரம் அமரத்தில் இருந்தால் படகின் உடலே அதற்குக் காவல். அகலமும் குறையும், ஆழமில்லாத கிளையாறுகளிலும் போகலாம்.

அப்புறம், சக்கரத்தில் பொருத்தும் பலகைகளை அந்த ஆற்றுக்காரர்கள் ‘பக்கெட்’ என்பார்கள். வரைவில் அதை ‘வாளி’ என்று போட்டிருக்கிறார்கள், தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அது தண்ணீர் மொள்ளுவதில்லை, தள்ளுகிறது. கேரளத்தின் குட்டநாட்டில் வயல் தண்ணீரை வெளியே தள்ள மிதித்துச் சுற்றிய மரச்சக்கரத்தின் பலகைக்கு இலை என்று பெயர். இத்தனை இலைச் சக்கரம் என்று எண்ணித்தான் சக்கரத்தின் அளவைச் சொல்வார்கள். அதே வேலையைச் செய்யும் பலகைக்கு அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம்: சக்கர இலை. இந்தச் சொல் கிடைத்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

ஆழம் பார்ப்பவர் ‘மார்க் ட்வைன்’ என்று கூவும் இடத்தில் ‘12 அடி’ என்று மட்டும் எழுதினால் போதாது. ட்வைன் என்றால் இரண்டு. மார்க் என்பது ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் உள்ள அடையாளம். மொத்தம் இரண்டு பாகம் ஆழம், படகு தரை தட்டாது என்று அர்த்தம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஆறடி. நம் கரையிலும் கயிற்றைக் கை விரித்துப் பாகக் கணக்கில்தான் அளக்கிறோம். ‘இரண்டு பாகம்!’ என்றே அவர் கூவட்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘ஹாக் செயின்’. கொதிகலன் அணியத்தின் பக்கமும் இயந்திரமும் சக்கரமும் அமரத்திலும் இருப்பதால் இரு முனையும் தாழ்ந்து நடு எழும்பும். அப்படி ஆகாமல் மேலே முட்டுக்கொடுத்து இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி அது. ‘பன்றிச் சங்கிலி’ வேண்டவே வேண்டாம். நடு எழும்புவது பன்றியின் முதுகு போல இருக்கிறது என்பதால் வந்த பெயர் அது, அதோடு அது சங்கிலியும் அல்ல. படகு கூன் விழுகிறது என்று எடுத்துக்கொண்டு தற்காலிகமாகக் ‘கூன்கட்டு’ என்று வைத்திருக்கிறேன். வள்ளம் கட்டும் ஆசாரிமாரிடம் இதற்கு ஏற்கனவே ஒரு சொல் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை பூவாறு போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை வரைவை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.