பருவத்துக்கு முந்தைய வெளிநாட்டுத் தொடர்களின் முடிவுகளுக்கு என்ன மதிப்பு?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தின் மேல்நிலைக் கால்பந்து லீகான பிரீமியர் லீக், பருவம் தொடங்கும் முன் 2025 கோடையில் அமெரிக்காவில் நடத்திய சம்மர் சீரிஸ் என்ற நட்புத் தொடரின் ஆறு ஆட்டங்களையும் விடாமல் பார்த்தேன். மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமை 2-1 என்றும் போர்ன்மத்தை 4-1 என்றும் வென்று, எவர்டனுடன் 2-2 என்று சமன் செய்து, ஏழு புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. ஆகஸ்ட் 3 அன்று அட்லாண்டாவில் கோப்பை கைக்கு வந்தது. அதே மாதம் 27 அன்று, தோற்றவர் வெளியேறும் தொடரான லீக் கோப்பையில், நான்காம் நிலை அணியான கிரிம்ஸ்பி டவுனிடம் பெனால்டியில் 12-11 என்று தோற்று வெளியேறியது. இரண்டாம் இடம் பிடித்த வெஸ்ட் ஹாமோ, லீகின் முதல் ஆட்டத்திலேயே, அப்போதுதான் மேல்நிலைக்கு ஏறி வந்திருந்த சண்டர்லாந்திடம் 0-3 என்று தோற்றது. அப்படியானால் இந்தப் புள்ளிப் பட்டியலை யாருக்காகப் போடுகிறார்கள்? ஒன்றிரண்டு மாற்றங்களோடு நிற்காமல் அணியையே கலைத்துப் போடும் ஆட்டங்களை வைத்து எதையேனும் முன்கூட்டிச் சொல்ல இயலுமா?

பதில் 1

பட்டியல் பார்வையாளர்களுக்காகவும் ஒளிபரப்பாளர்களுக்காகவும் போடப்படுவது. பயிற்சியாளரின் கையில் இருப்பது வேறொரு பட்டியல்: எந்த ஆட்டக்காரர் எத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்பது அதில் இருக்கும். விடுமுறையிலிருந்து திரும்பியவரை முதலில் 45 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், லீக் தொடங்கும் முன்பு ஒரு முறையாவது முழு 90 நிமிடம் என்று படிப்படியாக ஏற்றுவதே வழக்கம் என்பதால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் 46-ஆவது நிமிடத்தில் அணி மாறிவிடும். ஆட்ட விதிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. நட்பு ஆட்டங்களில், இரு அணிகளும் ஓர் எண்ணிக்கைக்கு ஒப்புக்கொண்டு ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் தெரிவித்துவிட்டால், லீகில் உள்ள ஐந்து மாற்று என்ற வரம்பு பொருந்தாது. வெற்றியாளரைத் தீர்மானித்தாக வேண்டிய நட்பு ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரத்துக்குப் போகாமல் நேரே பெனால்டிக்குப் போவதும் இதனால்தான். கூடுதலாக ஆடும் அரை மணி நேரம் அந்த நிமிடக் கணக்கைக் குலைத்துவிடும்.

வாய்ப்புக் கிடைத்தால் இறுதி விசிலுக்குப் பிறகும் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது, குறைவாக ஆடியவர்களை மட்டும் உடற்பயிற்சியாளர் கோட்டோரம் நிறுத்தி, கூம்புகளுக்கு இடையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார். ஆட்டத்தில் கிடைக்காத நிமிடங்களை அங்கே ஈடுகட்டுகிறார்கள். அன்றைய பணியில் அதுவும் ஒரு பாதிதான்.

2023-இல் இதே தொடரை வென்ற செல்சீயின் கதையைப் பாருங்கள். புதிதாக வாங்கப்பட்டிருந்த என்குன்கு பிரைட்டனுக்கு எதிராகவும் ஃபுல்ஹாமுக்கு எதிராகவும் கோல் போட்டார். தொடர் முடிந்த சில நாட்களில், அதே பயணத்தின் கடைசி ஆட்டமாக ஜெர்மனியின் டார்ட்மண்டை சிகாகோவில் சந்தித்தபோது முழங்காலில் காயம்பட்டு, டிசம்பர் வரை களமிறங்க முடியவில்லை. கோப்பையை வென்ற செல்சீ லீகில் ஆறாம் இடத்தில் முடிந்தது. அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்தை மட்டுமே வென்ற ஆஸ்டன் வில்லா லீகில் நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பியக் கிளப்களின் முதன்மைத் தொடரான சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது.

பதில் 2

முற்றிலும் பொருளற்றவை என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க இயலாது. 2019-இல் சீனாவில் இதேபோலப் பருவத்துக்கு முன் நடந்த பிரீமியர் லீக் ஏசியா டிராபியில் வுல்வ்ஸ் அணி முதலில் நியூகாசிலை 4-0 என்று வென்றது. பிறகு ஷாங்காயில் நடந்த இறுதியாட்டம் கோலின்றி முடிய, பெனால்டியில் மான்செஸ்டர் சிட்டியின் மூன்று உதைகளைக் கோல்கீப்பர் ரூய் பட்ரீசியோ தடுத்தார். அந்தப் பருவத்தின் லீகிலும் வுல்வ்ஸ் சிட்டியை இரு முறையும், 2-0 என்றும் 3-2 என்றும், வீழ்த்தியது. இதையும் தற்செயல் என்பீர்களா?

பதில் 1 எழுதியவர்

ஷாங்காய் முடிவுக்காவது எளிய காரணம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு வுல்வ்ஸுக்கு, ஐரோப்பியக் கிளப்களின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீகின் தகுதிச் சுற்று ஜூலை 25-லேயே தொடங்கியது. இறுதியாட்டம் நடந்தது ஜூலை 20. ஐந்து நாளில் உண்மையான போட்டி வரவிருந்த அணியும், ஆகஸ்டுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த அணியும் ஒரே உடல்நிலையில் இருந்திருக்க முடியாது. லீகில் கிடைத்த இரு வெற்றிகளையும் அந்தக் காரணத்தால் விளக்க இயலாது என்பதை மறுக்கவில்லை. ஐந்து தடுப்பாட்டக்காரர்களுடன் காத்திருந்து, அடாமா திரௌரேயின் வேகத்தால் எதிர்த்தாக்கிய முறையே அங்கே வேலை செய்தது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேரில் சென்று பார்க்க நினைப்பதால் இன்னொரு கேள்வி: விளம்பரத்தில் படம் போடப்பட்டிருக்கும் நட்சத்திர ஆட்டக்காரர் கட்டாயம் களமிறங்குவாரா?

பதில் 3

கட்டாயம் என்று எதுவுமில்லை. தொடருக்கு வெளியே நடந்த இரண்டு காட்சி ஆட்டங்கள் இதற்குச் சான்று. 2019 ஜூலையில் இத்தாலியின் யுவென்டஸ் அணி சியோலில், தென் கொரிய லீகான கே லீகின் நட்சத்திர அணியுடன் ஆடியபோது, ரொனால்டோ குறைந்தது 45 நிமிடம் ஆடுவார் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அணி வந்துசேரத் தாமதமாகி ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கியது. ரொனால்டோ கடைசிவரை மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையை விட்டு எழவில்லை. ரசிகர்கள் இருவர் தொடுத்த வழக்கில், தலைக்கு 3,71,000 வோன் கொடுக்கும்படி ஏற்பாட்டாளருக்கு இஞ்சியோன் நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில், அமெரிக்க அணியான இன்டர் மியாமியின் பருவத்துக்கு முந்தைய பயணத்தின்போது, மெஸ்ஸி காயத்தால் ஆடாமல் போனதும் கூட்டம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முழங்கியது; கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர் பின்னர் அறிவித்தார்.

சியோல் வழக்கில் ரசிகர்களுக்குக் கை கொடுத்தது, அவர் ஆடுவார் என்ற வெளிப்படையான வாக்குறுதி. பொதுவாக நீங்கள் வாங்குவது இரு அணிகளின் ஆட்டத்துக்கான சீட்டுத்தான். குறிப்பிட்ட ஒருவரின் வருகைக்கான சீட்டு அன்று. ஆகவே பணம் கட்டும் முன் நிபந்தனைகளில் ஆட்டக்காரர் எவர் பெயராவது இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. உலகக் கோப்பையோ கண்டத் தொடரோ நடந்த கோடை என்றால் இன்னும் கவனம் தேவை. அதில் கடைசிவரை ஆடியவர்களுக்குக் கிளப்கள் மூன்று வாரம் வரை தனி விடுமுறை கொடுக்கின்றன. அந்த இடங்களை அகாடமியிலிருந்து வந்த, முதுகில் பெரிய எண் தாங்கிய பையன்கள் நிரப்புவார்கள். எனக்கென்னவோ அவர்களைப் பார்க்கத்தான் பிடிக்கும். ஒரே அரங்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வைக்கும் நாள் இருந்தால், அந்த நாளுக்கே சீட்டு வாங்குங்கள்.