சிவப்பு–பச்சைக் கண்ணாடி போட்டும் இரண்டு கண்ணுக்கும் எழுத்து தெரிகிறது: திரை நிறத்தை எப்படிச் சரிசெய்வது?

விழிமேடை:
இருவிழிப் பார்வைச் சோதனை மென்பொருளைப் புது மானிட்டருக்கு மாற்றியிருக்கிறோம். கறுப்புப் பின்னணி, வலது கண்ணுக்குச் சிவப்பு எழுத்து, இடது கண்ணுக்குப் பச்சை. பழைய திரையில் ஒழுங்காக இருந்தது. இதில் பச்சை ஃபில்டர் வழியாகவும் சிவப்பு எழுத்து மங்கலாகத் தெரிகிறது. சிவப்பு ஃபில்டரில் பச்சையும் லேசாகத் தெரிகிறது. சப்ரெஷன் (ஒரு கண் தரும் படத்தை மூளை ஒதுக்கிவிடுவது) இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இப்படிக் கசிந்தால் நோயாளி சொல்லும் பதிலை நம்ப முடியாது. மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை எண் மாற்றலாம். அதை மாற்றுவதா, மானிட்டர் மெனுவில் கைவைப்பதா? இன்னொன்று: வெள்ளைப் பின்னணி வைத்தால் சிவப்பு எழுத்து எதிர்க் கண்ணுக்குப் போய்விடுகிறது. அதுவும் கோளாறா?

நிறப்பிரிகை:
கடைசிக் கேள்விக்கு முதலில். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வர வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தின் ஒளி சிவப்பு ஃபில்டரைத் தாண்டும், பச்சையில் நின்றுவிடும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ஃபில்டருக்கு எழுத்தும் பின்னணியும் ஒரே சிவப்பு, ஆகவே எழுத்து காணாமல் போகும். பச்சை ஃபில்டர் வழியாகத்தான் அது கறுப்பாகத் தெரியும். பின்னணியை மாற்றினால் மென்பொருளில் கண்ணையும் மாற்றிச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியையும் பாருங்கள். சோதனைக் கண்ணாடியில் சிவப்பு வலப்பக்கம் இருப்பது வழக்கம். முப்பரிமாணப் படம் பார்க்கும் அட்டைக் கண்ணாடியில் சிவப்பு இடப்பக்கம், மறுபக்கம் பச்சை அல்ல, நீலப்பச்சை. அதைப் போட்டால் வலது இடது தலைகீழாகப் பதிவாகும்.

இனி கசிவு. எண்களைத் தொடும் முன் நிறத்தில் கைவைக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள்: நைட் லைட், நீல ஒளி ஃபில்டர், தானியங்கி வெளிச்சம், டைனமிக் கான்ட்ராஸ்ட், விவிட் மோடு, எச்டிஆர். நைட் லைட் மோசமான ஆசாமி. நேரம் பார்த்து இயங்குவதால் காலையில் சரியாக இருந்த அளவீடு மாலையில் கெட்டுவிடும், காரணமும் பிடிபடாது. மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிறத் தரம்) மோடு இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் நிற வெப்பநிலை 6500 கெல்வின், காமா (எண் ஏற ஏற வெளிச்சம் ஏறும் விதம்) 2.2. ஆன் செய்து அரைமணி நேரம் சூடேறட்டும்.

அடுத்து கேபிள் வழி. எச்டிஎம்ஐயில் கணினி 16–235 என்ற குறுகிய வீச்சில் அனுப்ப, மானிட்டர் 0–255 என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். கிராஃபிக்ஸ் அமைப்பில் முழு வீச்சு என்று மாற்றுங்கள். டிவியைத் திரையாகப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நிறத் தகவல் 4:2:0 ஆக (நான்கு புள்ளிக்கு ஒரே நிறத் தகவல்) சுருங்கினால் கறுப்பின் மேல் சிவப்பு எழுத்தின் விளிம்பு கலங்கிவிடும். அந்த உள்ளீட்டை பிசி மோடில் போட்டு 4:4:4 (சுருக்காத நிறம்) கொடுங்கள். விண்டோஸில் எழுத்தை மென்மையாக்கும் கிளியர்டைப் வசதி எழுத்து ஓரங்களில் நிறம் பூசும். சின்ன எழுத்துகளில் அதுவே கசிவாகத் தெரியும், அணைத்துவிடுங்கள்.

எழுத்துவரி:
மெனுவா மென்பொருளா என்றால் மென்பொருள்தான். மானிட்டர் மெனுவில் சிவப்பு–பச்சைக் கெயினை (அந்த நிறத்தின் அளவை) குறைத்தால் எழுத்தின் பிரகாசம் குறையும், கசியும் விகிதம் அப்படியேதான் இருக்கும்.

எண்கள்: எஸ்ஆர்ஜிபி திரையில் முழு வெள்ளையின் ஒளிர்வில் சிவப்பின் பங்கு சுமார் 21 சதவீதம், பச்சை 72, நீலம் 7. சிவப்பு 255, பச்சை 255 என்று வைத்தால் பச்சைக் கண்ணுக்கு மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சம் போகிறது. மங்கலான பக்கத்தை மூளை எளிதில் ஒதுக்கும், அது நோயாளியின் குறை அல்ல, திரையின் குறை. சிவப்பு 255க்குச் சமமாகப் பச்சை சுமார் 147 (காமா 2.2 என்ற கணக்கில்). இது தொடக்கப் புள்ளி மட்டுமே, ஃபில்டர்களின் அடர்த்தி அதை நகர்த்தும்.

கசிவை முழுக் கறுப்புப் பின்னணியில் அழிக்க முடியாது, பூஜ்ஜியத்துக்குக் கீழே எண் இல்லையே. பின்னணியைச் சற்றுத் தூக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் பின்னணி 25, 25, 0. சிவப்பு எழுத்து 255, 12, 0. பச்சை எழுத்து 12, 147, 0. சோதனைத் தூரத்திலேயே உட்காருங்கள், அறை விளக்கு சோதனையின்போது இருப்பது போலவே இருக்கட்டும். பச்சை ஃபில்டர் வழியாக ஒரு கண்ணால் மட்டும் சிவப்பு எழுத்தைப் பாருங்கள். பின்னணியைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் அந்த 12ஐக் குறையுங்கள். இருட்டாகத் தெரிந்தால் கூட்டுங்கள். முதலில் ஐந்தைந்தாக, பிறகு ஒவ்வொன்றாக. 0 வரை இறக்கியும் வெளிச்சமாகவே இருந்தால் பின்னணியின் பச்சையை 30 ஆக்கித் திரும்பத் தொடங்குங்கள். பிறகு சிவப்பு ஃபில்டரில் பச்சை எழுத்துக்கு இதே வேலை. எழுத்து சிமிட்டிக்கொண்டிருப்பது நல்லது. அசையாத மங்கல் எழுத்தைக் கண் சில நொடிகளில் மறந்துவிடும், மறைந்துவிட்டது என்று ஏமாறுவோம்.

சரிசெய்கிறவருக்கு நிறப்பார்வை இயல்பாக இருக்க வேண்டும்.

விழிமேடை:
வீச்சுதான் முதல் குற்றவாளி, குறுகியதில் இருந்தது. மாற்றியதும் பாதிக் கசிவு போனது. சிவப்பு எழுத்து 255, 7, 0ல் மறைகிறது. பச்சை எழுத்து மட்டும் 0, 147, 0 வரை வந்தும் சிவப்பு ஃபில்டரில் பின்னணியைவிட வெளிச்சமான மெல்லிய நிழலாக நிற்கிறது.

எழுத்துவரி:
அப்படியானால் பின்னணியின் சிவப்பை 32 ஆக்குங்கள், 40ஐத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் போனால் சிவப்பு எழுத்தின் கான்ட்ராஸ்ட் அடிவாங்கும். அதிலும் போகவில்லை என்றால் ஃபில்டரையே மாற்ற வேண்டும். சாதாரண வெள்ளை எல்இடி பின்னொளி, நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதன் மஞ்சள் பகுதி, சுமார் 570–590 நானோமீட்டர், மலிவான ஃபில்டர் இரண்டிலுமே புகுந்துவிடும். டிஎன் பேனல் (பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் மலிவு வகைத் திரை) என்றால் தலையைச் சற்று ஏற்றி இறக்கினாலே நிழல் வந்து போகும். அங்கே எண்ணோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கருவிழி_0:
இரண்டு எச்சரிக்கை. சிவப்புணர்வு குறைந்தவருக்கு 255, 7, 0 எழுத்தே மிக மங்கலாகத் தெரியும். "சிவப்பு தெரியவில்லை" என்று சொன்னதும் சப்ரெஷன் என்று எழுதிவிடாதீர்கள். மறுகண்ணை மூடிவிட்டுக் கேளுங்கள், அப்போதும் தெரியாவிட்டால் காரணம் வேறு. டியோக்ரோம் சோதனையிலும் (சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்துக் காட்டிக் கண்ணாடிப் பவரைச் சரிபார்ப்பது) அதே ஆள்தான் "பச்சைதான் நன்றாக இருக்கிறது" என்பார். எது வெளிச்சம் என்று கேட்காமல் எதில் எழுத்து கூர்மை என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, இந்தத் திரை அமைப்பை வைத்து இஷிஹாரா தட்டுகளை (நிறப்புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படங்கள்) காட்டி நிறப்பார்வைக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த அச்சு மையின் நிறமாலை வேறு, மூன்று முதன்மை நிறங்களில் திரை தரும் கலவை வேறு. கலரிமீட்டரால் அளந்து ஐசிசி புரொஃபைல் (திரையின் நிறத் திருத்தக் கோப்பு) போட்டாலும், நிற மேலாண்மை இல்லாத மென்பொருள் அதில் பெரும்பகுதியைக் கண்டுகொள்ளாது. கான்ட்ராஸ்ட் சோதனைக்கும் எல்லை உண்டு: 8 பிட் திரையில் வெள்ளை 255க்கும் 254க்கும் இடையிலேயே ஒளிர்வு சுமார் 0.9 சதவீதம் மாறுகிறது. எழுத்துகள் படிப்படியாக மங்கிக்கொண்டே போகும் பெல்லி–ராப்சன் அட்டையில் கடைசி மூன்று எழுத்துகளின் கான்ட்ராஸ்ட் ஏறத்தாழ 0.56 சதவீதம். டித்தரிங் (பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து இடைப்பட்ட நிறம் காட்டுவது) செய்யாத மென்பொருள் அந்த எழுத்துகளைக் காட்டுவதாகச் சொன்னால் அது வெறும் வெள்ளை, இல்லையென்றால் 0.9 சதவீதம்தான்.

கிடைத்த எண்களை மானிட்டர் வெளிச்ச அளவோடும் கண்ணாடியின் அடையாளத்தோடும் சேர்த்துத் திரையின் பின்புறம் ஒட்டிவையுங்கள். கண்ணாடி மாறினாலோ யாராவது வெளிச்சத்தைக் கூட்டினாலோ எழுத்து மறைகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த நோயாளி.