ஓடிபி எந்த ஊருக்குப் போகிறது?

கடலூர் முதுநகர்:
பொது சேவை மையம் நடத்துகிறேன். சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டை போட வந்தார். ஆதார் எண்ணைத் தட்டினேன், ஓடிபி போய்விட்டது. எங்கே? ஊரில் அவர் அண்ணன் கையில் இருக்கிற போனுக்கு. அண்ணனோ வயலில். முக்கால் மணி நேரம் காத்திருந்தார் மனிதர், அரை நாள் கூலி போச்சு. விரல் ரேகை வைத்தும் பதியலாம். அந்தக் கருவி என் மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்தது! இப்போதெல்லாம், "ஆதாரில் இருக்கிற நம்பரோட சிம் உங்களிடம்தான் இருக்கா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

இன்னொன்று. கடைப்பையன் அவரை "பையா, இங்க வா" என்றான். அவருக்கு நாற்பத்தைந்து வயதாவது இருக்கும். இந்தியில் அது அண்ணன்தான், ஆனால் நம் வாயில் வரும்போது பையன்தானே? ஒடியாவில் "பாய்னா" என்பார்களாம். அதையே பழகிக்கொண்டோம்.

குடிகாடு:
ரேஷன் விஷயத்தில் எங்களுக்கும் ஒரு அனுபவம். வேறு மாநில ரேஷன் அட்டைக்கும் இங்கேயே பொருள் வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டுக்கு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து லைன்வீட்டில் இருக்கிற ஒடிசாக்காரர்கள் யாருக்கும் தெரியாது. இந்தியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், ஒரு பதிலும் இல்லை. அப்புறம் அவர்களில் ஒருவரையே ஒடியாவில் பேசவைத்து, ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பினோம். அன்று ராத்திரியே ஆள் ஆளாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பயம்: "இங்கே வாங்கினால் ஊரில் பெயரை வெட்டிவிடுவார்களா?" வெட்ட மாட்டார்கள். தன் பங்கை இங்கே வாங்கலாம், மீதியை வீட்டார் அங்கே வாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் திட்டத்தின் பெயரில் ஆரம்பித்திருந்தோம்.

புதுச்சேரி, முதலியார்பேட்டை:
எங்கள் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். போகும்போது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு போட்டார்கள். 10 லட்சத்துக்கு, இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினோம். முடிந்து ஏழு மாதம் கழித்து, பெட்டியில் வேறு ஏதோ தேடும்போதுதான் தாளைப் பார்த்தேன். ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாமாம். கடைக்கு ஆஃபர் என்றால் தினம் மூன்று மெசேஜ் வருகிறது, இதற்கு ஒன்றுகூட வரவில்லை.

கடலூர் முதுநகர்:
அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். என்னிடம் பாஸ்போர்ட் வேலைக்கு வருகிறவர்களின் நோட்டில் இனி காப்பீடு முடிகிற தேதியையும் எழுதிவைக்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.