மறு: ‘மாட்-டேப்’ விசைக்குத் தமிழில் என்ன பெயர்?

> 42 விசைகள் மட்டுமே உள்ள பலகைக்கான வழிகாட்டியில், தட்டினால் ஒரு வேலையும் பிடித்தால் இன்னொரு வேலையும் செய்யும் ‘மாட்-டேப்’பை ‘இருவினை விசை’ என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

ஐயா, வணக்கம்.

‘இருவினை’ என்றதும் நல்வினையும் தீவினையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன! அது கிடக்கட்டும். ஷிஃப்டோடு சேர்ந்தால் எந்த விசையும் இரண்டு வேலை செய்யும். இங்கே சங்கதி நேரத்தில் இருக்கிறது: சட்டென்று தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல். ஆகவே ‘தட்டுபிடி விசை’. தட்டலா பிடித்தலா என்று பிரிக்கும் நேர எல்லையான ‘டேப்பிங் டெர்ம்’, ‘பிடிவரம்பு’ ஆகிவிடும். பலகைக்குள் இயங்கும் ஃபர்ம்வேரான கியூ.எம்.கே.யில் அது இயல்பாக 200 மில்லிநொடி.

தட்டியதைப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும் பிழையைச் சொல்லவும் இது தோது. தமிழ்99 விசை அமைப்பில் புள்ளி இருப்பது எஃப் விசையில். நடுவரிசை எழுத்து விசைகளிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவற்றையும் ஏற்றும் அமைப்புகளில், பலர் கன்ட்ரோலை அந்த எஃப்பில்தான் வைக்கிறார்கள். ‘பல்கலை’ அடிக்கையில் புள்ளியில் விரல் பிடிவரம்பைத் தாண்டித் தங்கி, அடுத்து எச் விழுந்தால் ‘க’ வராது. கன்ட்ரோல்+எச் போய், உலாவியில் வரலாற்றுப் பட்டியல் திறக்கும். எஃப்புக்கு மட்டும் வரம்பை 250 ஆக்கலாம்தான், ஆனால் குறுக்குவிசைகளும் அவ்வளவு தாமதமாகும். தமிழில் நிறைய அடிப்பவர்கள் கன்ட்ரோலைக் கட்டைவிரலுக்குத் தள்ளிவிடுவதே மேல்.

> ‘தட்டு-அழுத்து’ கூடாதா தம்பி? பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ‘தட்டுபிடி’ என்றால் முழிப்பார்களே.

‘என்டரை அழுத்துக’ என்று எழுதிப் பழகிவிட்டோம் ஐயா. அங்கே ‘அழுத்து’ என்றால் தட்டுவதுதான். எஸ்.பி. ரோட்டில் வாங்குவது சுவிட்சும் கீகேப்பும். இது ஃபர்ம்வேர் மெனுவில் வரும் சொல். கடைக்காரருக்குத் தேவைப்படாது.

பேக்ஸ்பேசைத் தட்டுபிடி ஆக்கினால் பிடித்ததும் வரிசையாக அழியாது, ஒருமுறை தட்டி உடனே மீண்டும் பிடிக்க வேண்டும். இதையும் வழிகாட்டியில் சேருங்கள், முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

> சரி, ‘தட்டுபிடி’, ‘பிடிவரம்பு’ இரண்டையும் ஏற்கிறேன். அதே விசைகளுக்கு வேறு எழுத்துகளைத் தரும் ‘லேயர்’ ‘அடுக்கு’ ஆகவே இருக்கட்டும். ‘ச’, ‘ஞ’ இரண்டுக்கும் என்ன வழி? தமிழ்99-இல் அவை இருக்கும் சதுர அடைப்பு விசைகள் இந்தப் பலகையிலேயே இல்லை.

பேக்ஸ்பேசைக் கட்டைவிரலுக்கு இறக்கினால் வலது மேல்மூலை காலியாகும். இடது சதுர அடைப்பை, அதாவது ‘ச’வை, அங்கே வையுங்கள். ‘ஞ’ அரிது, அதே மூலையில் அடுக்கு 1-இல் போதும். 36 விசைப் பலகை என்றால் ஓர விசைகளோடு ‘ய’வும் போய்விடும், தமிழுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.