மூன்று கட்டடம், ஒன்பது வாடகை, ஒரே பேங்க் கணக்கு: எப்படிச் சேர்த்து எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை மகள்:
வணக்கம். அப்பாவுக்குப் பொள்ளாச்சியில் ஐந்து வாசல் லைன் வீடு, எல்லை தாண்டிக் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் மூன்று கடை, வேலந்தாவளத்தில் ஒரு வீடு இருக்கிறது. போன வருடம் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாடகைக் கணக்கு என் கையில். அவர் நீள நோட்டில் வாசலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். பணம் கொடுப்பவர் அதிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்போது எல்லாரும் ஜிபே. ஒன்பதும் ஒரே கணக்கில் வந்து விழுகிறது.

லைன் வீட்டில் நாலு பேருக்கு வாடகை 6,500. ஒருவர் மகன் போனிலிருந்து அனுப்புகிறார், இன்னொருவர் மச்சான் பேரில். ஆவணியில் மூன்று 6,500தான் வந்திருந்தது. பாக்கி என்று நினைத்து நான் போய்க் கேட்டது, 3ஆம் தேதியே கட்டிவிட்ட அக்காவிடம். பதினோரு வருடமாகக் குடியிருப்பவர். ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக் காட்டினார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், ஐந்தாம் வாசல்காரர் மோட்டார் ரிப்பேர் 850 போக மீதியை அனுப்பியிருக்கிறார். அதை எப்படி எழுத? மூன்று இடமும் ஒரே தாளில் வர வேண்டும், மாதா மாதம் அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வழி சொல்லுங்கள்.

சித்தூர்க்காரன்:
பேரைப் பார்க்காதீர்கள், தொகையைப் பாருங்கள். நான் ஏழு வாசலுக்குச் செய்வது இதுதான்: வாசல் எண்ணையும் ரூபாயாகச் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டேன். முதல் வாசல் 6,501, இரண்டாவது 6,502. கடைகளுக்கு 11, 12, 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் போனிலிருந்து வந்தாலும் கடைசி இரண்டு இலக்கம் சொல்லிவிடும். கூடுதலாக வந்த சில்லறையைப் பங்குனி வாடகையில் கழித்துவிடுவேன்.

வரிக்கணக்கு எழுதுபவர்:
அந்த 850ஐ வாடகையில் கழித்து எழுதாதீர்கள். வரவில் முழு வாடகை, செலவில் ரிப்பேர் 850 என்று இரண்டு வரியாகப் போடுங்கள். வருமான வரியில் வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் பொதுக் கழிவு உண்டு. ரிப்பேர் உண்மையில் எவ்வளவு ஆனாலும் அதற்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. கழித்து எழுதினால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

கட்டட வரி அப்படி இல்லை, அதைக் கழிக்கலாம். ஆனால் உங்கள் அப்பா கட்டியிருக்க வேண்டும், அந்த வருடத்திலேயே கட்டியிருக்க வேண்டும். பொள்ளாச்சி நகராட்சி ரசீதையும் கேரளப் பஞ்சாயத்து ரசீதையும் கட்டடவாரியாகத் தனித்தனியே வையுங்கள்.

இரண்டு மாநிலத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டிய இடம் ஜிஎஸ்டி. குடியிருப்பு வாடகைக்கு வரி இல்லை, கடை வாடகைக்கு 18 சதவீதம். ஆனால் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. அந்த 20 லட்சத்தில் வீட்டு வாடகையும் சேரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள்.

மீனாட்சிபுரம்:
அட்வான்ஸ் பணத்தை வாடகைக் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம். அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மகள்:
எல்லாருக்கும் நன்றி. வாசல், வர வேண்டியது, வந்தது, தேதி, செலவு என்று ஐந்து கட்டம் போட்டுவிட்டேன். மூன்று கட்டடமும் ஒரே தாளில், கட்டடத்துக்கு ஒரு கூட்டுத்தொகை. அப்பா கேட்டுவிட்டு, "பாக்கியை மட்டும் சிவப்பில் எழுது" என்றார். இலக்க விஷயத்தைச் சொல்ல முதலில் போனது அந்த அக்கா வீட்டுக்குத்தான். இனிமேல் அவருடையது 6,503.