மறு: ‘ஃபேட் டாக்ஸ்’, ‘சுகர் டாக்ஸ்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவு, பானங்களை மக்கள் குறைக்கட்டும் என்று அரசுகள் போடும் ‘ஃபேட் டாக்ஸ்’, ‘சுகர் டாக்ஸ்’ வரிகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> ‘கொழுப்பு வரி’, ‘சர்க்கரை வரி’ என்றே எழுதிவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், வேறு மாதிரி. நேற்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ‘கொழுப்பு வரி’ என்றதும் மகன், “எங்க வகுப்புல பாதிப் பேர் கட்டணும்ப்பா” என்றான். ‘சர்க்கரை வரி’ கேட்டு மாமியார் சிரிக்கவில்லை. “மாத்திரைக்கே மாசாமாசம் அழறோம், இதுக்கு வரி வேறயா?” என்றார். அவருக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். போதாததற்குக் கொங்குப் பக்கம் சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை, வெள்ளையாக இருப்பது அஸ்கா. இன்னொருவர் ‘சின் டாக்ஸ்’ என்பதைப் பெயர்த்து முன்மொழிந்த ‘பாவ வரி’யும் வேண்டாம், ‘ஐயோ பாவம், வரி கட்டுகிறான்’ என்றுதான் காதில் விழுகிறது.

வேடிக்கை இருக்கட்டும். எதன் மேல் வரி விழுகிறது என்பதைப் பெயர் சரியாகச் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2016-இல் 14.5% வரி போட்டார்களே, பத்திரிகைகள் அதை ‘ஃபேட் டாக்ஸ்’ என்றே எழுதின. ஆனால் அங்கே யாரும் கொழுப்பை அளக்கவில்லை. பிராண்ட் பெயருள்ள உணவகத்தில் விற்கும் பர்கர், பீட்சா, டோநட் வகையறாவுக்கு வரி. எண்ணெயில் மிதக்கும் பொரோட்டாவுக்குக் கிடையாது. மறு வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அதுவும் போயிற்று. நம் ஊர்க் குளிர்பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் விழும் 40% ஜிஎஸ்டியும் அப்படித்தான். சீனியே இல்லாத ‘டயட்’ பாட்டிலுக்கும் அதே விகிதம். இவற்றைச் சர்க்கரை வரி, கொழுப்பு வரி என்பது பொய்ப்பெயர்.

உண்மையிலேயே அளந்தவர்கள் டென்மார்க்காரர்கள். 2011 அக்டோபரில் தொடங்கினார்கள். நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) 2.3 விழுக்காட்டைத் தாண்டிய உணவுக்கு, அந்தக் கொழுப்பில் கிலோவுக்கு 16 குரோனர் (அவர்கள் நாணயம்). வெண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். ஆக, கால் கிலோ பொட்டலத்துக்கு இரண்டு குரோனர். மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வாங்கிவந்தார்கள். 2013 பிறந்ததும் வரியை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் வேறு கதை. 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்கு வரி தொடங்கியபோது இருந்த கணக்கு இது: 100 மில்லிக்கு 5 கிராம் சீனிக்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை; 5-ஐத் தொட்டால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8-ஐத் தொட்டால் 24. வரி வருமுன்பே பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்துவிட்டன. வரி கட்டாமல் இருக்க வைப்பதுதான் அந்த வரியின் வேலை.

ஆக, கலைச்சொல்லில் அந்த ‘தாண்டினால்’ தெரிய வேண்டும். அதற்கு ‘மிகு’ போதும் என்பது என் கருத்து. பின்பாதிக்கு வரியை விடத் தீர்வை பொருந்தும்: ஆயத்தீர்வை (எக்சைஸ்), சுங்கத்தீர்வை என்று குறிப்பிட்ட சரக்கின் மேல் விழுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது.

> எங்கட பக்கம் எக்சைஸ் டிப்பார்ட்மென்ட்டே மதுவரித் திணைக்களம்தான். வரி எண்டால் என்ன குறை, ஐயா?

குறை ஒன்றுமில்லை ஐயா. இலங்கையில் 2018 வரவு செலவுத் திட்டத்தோடு இனிப்பூட்டிய பானங்களுக்குச் சீனி கிராமுக்கு 50 சதம் என்று போட்டது, சீனியை அளந்து போடும் வரிக்கு நல்ல எடுத்துக்காட்டு. நீங்கள் ‘மிகுசீனி வரி’ என்று எழுதுங்கள், நான் ‘மிகுசீனித் தீர்வை’ என்று எழுதுகிறேன்; முன்பாதி ஒன்றாக இருந்தால் போதும். (‘மிகுச்சீனி’ என்று திருத்த வருபவர்களுக்கு: வினைத்தொகை, ஒற்று மிகாது.)

அதே வார்ப்பில் மிகுகொழுப்புத் தீர்வை. கொழுப்பு அங்கேயும் இருக்கிறது என்று மகன் சொல்வான். ‘மிகு’ முன்னால் வந்தால் உணவுப் பொட்டலம் நினைவுக்கு வரும் என்று நம்புகிறேன்.

இடறுவது உப்பு. ஹங்கேரி 2011-இலேயே உப்பு மிகுந்த நொறுக்குத் தீனிக்கும் வரி போட்டுவிட்டது. ‘மிகுவுப்பு’ வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. ‘உவர்மிகை’ என்று ஒன்று தோன்றியது, எனக்கே பிடிக்கவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?