உதவி: பிடிபி-யில் மாறி கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் நேம் எரர் வருகிறது

கேள்வி:
வணக்கம். பைதான் 3.11, அதோடு வரும் பிடிபி டீபக்கர் (ஓடும் நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவி). ஒரு ஃபங்ஷனுக்குள் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்தியிருக்கிறேன். உள்ளே 'விலைகள்' என்று ஒரு லிஸ்ட், 'எல்லை' என்று ஓர் எண். (மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைப்பேன். பைதான் 3 ஏற்றுக்கொள்கிறது, கூட வேலை செய்பவர்கள்தான் முறைக்கிறார்கள்.) மதிப்பைக் காட்டும் 'பி' கட்டளையில் 'பி எல்லை' என்றால் 500 என்று ஒழுங்காகச் சொல்கிறது. எல்லையைத் தாண்டிய விலை உண்டா என்று பார்க்க, எனி-க்குள் (ஒன்றாவது பொருந்துகிறதா என்று சொல்லும் ஃபங்ஷன்) ஒரு ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் (லிஸ்ட்டின் ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதிக்கும் ஒற்றை வரி) போட்டால் மட்டும் 'எல்லை'யைக் காணோம் என்று நேம் எரர். அதே வரியைக் கோப்பில் எழுதினால் ஓடுகிறது. 'விலைகள்' பற்றி ஒரு புகாரும் இல்லை என்பது இன்னும் குழப்பம். அரை நாள் போய்விட்டது. இது பிழைதான் என்றால் நானே திருத்தி அனுப்பலாமா?

மறுமொழி 1:
3.13 போடுங்கள், சரியாகிவிடும்.

கேட்டவர்:
சர்வர் என்னுடையது இல்லை அண்ணா. 3.11-ஐ விட்டு நகர மாட்டார்கள்.

மறுமொழி 2:
பிழைதான், பழைய பிழை. நீங்கள் தட்டும் வரியை பிடிபி உங்கள் ஃபங்ஷனுக்குள் ஓட்டுவதில்லை. தனியாக கம்பைல் செய்து, குளோபல்ஸ் (கோப்பு முழுவதற்குமான பெயர்கள்), லோக்கல்ஸ் (ஃபங்ஷனுக்குள் உள்ள பெயர்கள்) என்று இரண்டு டிக்ஷனரிகளைக் கையில் கொடுத்து, வரியை ஓட்டும் எக்ஸெக்-இடம் விடுகிறது. நேரடியாகப் பெயரைக் கேட்டால் லோக்கல்ஸில் கிடைத்துவிடும். ஆனால் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் உள்ளுக்குள் ஒரு குட்டி ஃபங்ஷன். அதற்கு அந்த லோக்கல்ஸ் டிக்ஷனரி தெரியாது. நேராக குளோபல்ஸில் போய்த் தேடும், கைவிரிக்கும்.

'விலைகள்' தப்பியதற்கும் காரணம் இதுவே. 'இன்' என்பதற்குப் பின் வரும் முதல் லிஸ்ட்டை மட்டும் பைதான் வெளியிலேயே மதிப்பிட்டு உள்ளே அனுப்பும். 'எல்லை'க்கு அந்தச் சலுகை இல்லை. லேம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) போட்டாலும் இதே கதைதான்.

இப்போதைக்கு 'இன்டராக்ட்' என்று தட்டுங்கள். குளோபல்ஸையும் லோக்கல்ஸையும் ஒரே டிக்ஷனரியில் கலந்து ஒரு பைதான் ஷெல்லைத் திறக்கும், அங்கே உங்கள் வரி ஓடும். கன்ட்ரோல்-டி அழுத்தினால் பிடிபி-க்குத் திரும்பலாம்.

திருத்தி அனுப்புவது பற்றி: 3.13-ல் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள். தட்டிய வரிக்குள் இப்படி ஒரு குட்டி ஃபங்ஷன் இருந்தால், வரி முழுவதையும் ஒரு போலி ஃபங்ஷனுக்குள் சுற்றி, லோக்கல் மாறிகளை குளோஷர் ஆக்கி (உள் ஃபங்ஷனுக்கும் தெரியும்படி செய்து) ஓட்டுகிறார்கள். 3.11-க்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. நீங்கள் அனுப்பினாலும் எடுக்க மாட்டார்கள்.

கேட்டவர்:
இன்டராக்ட் வேலை செய்தது, நன்றி! அந்த ஷெல்லிலேயே 'எல்லை'யை 300 ஆக்கிவிட்டு வெளியே வந்தேன். நிரல் இன்னும் 500-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுமொழி 2:
அது நகல். அங்கே மாற்றியது ஃபங்ஷனுக்குப் போய்ச் சேராது. பிடிபி-யிலேயே எல்லை = 300 என்று கொடுங்கள்.

கேட்டவர்:
அதையும் முதலிலேயே செய்து பார்த்துவிட்டேன், பழைய மதிப்புக்கே திரும்பிவிட்டது.

மறுமொழி 3:
நடுவில் 'அப்', 'டவுன்' (அழைத்த ஃபங்ஷனுக்குப் போய்வரும் கட்டளைகள்) ஏதாவது போட்டீர்களா? 3.12 வரை ஃப்ரேம் (பார்த்துக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் அழைப்பு) மாறும்போது, அதன் மாறிகளைத் தரும் எஃப்-லோக்கல்ஸைப் பிடிபி புதிதாக வாங்கும், அப்போது உங்கள் மாற்றம் அழிந்துவிடும். மாற்றிய கையோடு 'என்' (அடுத்த வரிக்குப் போகும் கட்டளை) அடித்தால் நிற்கும். பெப் 667 (பைதான் மேம்பாட்டு முன்மொழிவு) வந்தபின், அதாவது 3.13-ல், எஃப்-லோக்கல்ஸில் எழுதுவது நேரடியாக மாறிக்கே போகிறது.

கேட்டவர்:
ஆமாம், அழைத்த இடத்தைப் பார்க்க 'அப்' போட்டேன். இப்போது மாற்றியதும் 'என்' அடித்தேன், 300 நிற்கிறது. திருத்தம் அனுப்பும் ஆசை மட்டும் பாக்கி.

மறுமொழி 2:
பைதானின் சோதனைக் கோப்புகளில் டெஸ்ட்-பிடிபி இருக்கிறது, பெரும்பாலும் டாக்டெஸ்ட்தான் (தட்டும் வரிகளையும் வர வேண்டிய விடையையும் எழுதிச் சோதிக்கும் முறை). திறந்திருக்கும் பிடிபி பிழை ஒன்றை எடுத்து, அது தோற்பதைக் காட்டும் சோதனையை முதலில் எழுதுங்கள். மாறிகளுக்கு அங்கே தமிழ்ப் பெயர் வேண்டாம்.